ஃபைட்டர் மீனின் வால் ஓரம் கருத்து உதிர்கிறது: 12 லிட்டர் தொட்டி, போர் தண்ணீர், என்ன மருந்து போடலாம்?

வேளச்சேரிவாசி

வணக்கம். ஆண் ஃபைட்டர், ஹாஃப்மூன் வகை (வால் அரைவட்டமாக விரியும்), நீல நிறம். பொங்கல் சமயத்தில் வாங்கியது. கொஞ்ச நாளாக வாலின் ஓரம் கருத்து, நூல் நூலாகப் பிரிந்து, வால் குறைந்துகொண்டே வருகிறது. துடுப்பை விரிக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தரையிலேயே கிடக்கிறது. மூச்சு வாங்க மேலே வந்துவிட்டு உடனே கீழே போய்விடுகிறது. தீனி போட்டால் சாப்பிடுகிறது, பழைய வேகம் இல்லை.

தொட்டி 30க்கு 20 செ.மீ., உயரம் 25. தண்ணீர் 20 செ.மீ. வரை நிற்கும், சுமார் 12 லிட்டர். அடியில் கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி. ஃபில்டர் இல்லை. ஃபைட்டர் காற்றை நேராகச் சுவாசிக்கும், ஃபில்டர் தேவைப்படாது என்று கடையில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் செடியையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு, தாது அளவு) மீட்டரில் 1,150 காட்டுகிறது. தொட்டி படுக்கையறையில் இருக்கிறது. ராத்திரி ஏசி 23ல் ஓடும். தீனி மூன்று வேளை, வேளைக்கு ஆறேழு பெல்லட்.

கடையில் ஒரு நீல மருந்து கொடுத்து, தினமும் ஐந்து சொட்டு விடச் சொன்னார்கள். இப்போது தொட்டியே நீலமாக இருக்கிறது. இதைத் தொடரலாமா, வேறு மருந்து வேண்டுமா? ஹீட்டர் வாங்க வேண்டுமா? ஆர்ஓ தண்ணீருக்கு மாறலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீரளவு

நண்பரே, நீல மருந்தை இன்றே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கும், முட்டைகளைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்கும் நல்ல மருந்து. வாலை அரிக்கும் பாக்டீரியாவிடம் அதன் வேலை பெரிதாக எடுபடாது. போதாக்குறைக்கு, தொட்டியில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும். கண்ணாடி மூலைகளில் இருக்கும் சிலிகானில் கறை ஏறினால் போகவும் போகாது.

உங்கள் மீனைக் கெடுத்தது தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் எந்த மருந்து போட்டாலும் வால் திரும்ப அழுகும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைட்டரின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக லேபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது அதன் வேலை. கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் மீனின் செவுளும் தோலும் இருபத்து நான்கு மணி நேரமும் அந்தத் தண்ணீரில்தான் ஊறிக் கிடக்கின்றன. மீன் வெளியேற்றும் அம்மோனியா, மிஞ்சிய பெல்லட் அழுகி உண்டாகும் அம்மோனியா எல்லாம் அங்கேயே தங்குகிறது. ஃபில்டர் ஓடும் பழகிய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது 20 முதல் 40 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை பொறுத்துக்கொள்ளக்கூடியது. இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை, கல்லிலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்கிறது. நீங்கள் ஞாயிறுதோறும் கல்லைத் தேய்த்துக் கழுவும்போது அதைத்தான் சாக்கடையில் விடுகிறீர்கள்.

மொத்தத் தண்ணீரையும் மாற்றுவதில் இன்னொரு தீங்கு இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். அதனால் ஏற்றிய உடனே பார்த்தால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) தாழ்வாகக் காட்டும். திறந்து வைத்தால் அந்த வாயு வெளியேறி, மறுநாளைக்குள் அரை புள்ளி, சில இடங்களில் ஒரு புள்ளிகூட ஏறிவிடும். மீன் தொட்டிக்குள் இருக்கும்போதே இந்த ஏற்றம் நடக்கிறது. நடுப்பகலில் பிடித்தால் மாடித் தொட்டித் தண்ணீரின் சூடு வேறு. ஒரே நாளில் சூடு, பிஎச் இரண்டும் தாவும்போது மீனின் எதிர்ப்புசக்தி விழுந்துவிடும். எல்லாத் தொட்டியிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா அப்போதுதான் வாலில் பிடிக்கும்.

சென்னை போர் தண்ணீரில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் வாயு வடிவம்தான் செவுளை எரிக்கும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம் அளவுக்குத்தான் அந்த வடிவம். பிஎச் 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விடும், அதாவது பத்து மடங்கு. ஆகவே அம்மோனியா டெஸ்ட் கிட்டில் ஒரே அளவு காட்டினாலும் பிஎச் ஏறிய தண்ணீரில் அதற்கு வீரியம் அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது. மீனுக்கென்று ஒரு வாளி ஒதுக்குங்கள், சோப்பே படாத வாளி. நாளை மாற்றப்போகும் தண்ணீரை இன்றே அதில் பிடித்து, தொட்டி இருக்கும் அதே அறையில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் நல்லது. தினமும் 3 லிட்டர், அதாவது கால்பங்கு, கீழிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மீனைப் பிடித்து வெளியே எடுக்கவே வேண்டாம். நீலமும் நாலைந்து முறையில் வெளுத்துவிடும்.

அடுக்குமாடி என்றால் சம்ப்பில் போர், மெட்ரோ, லாரித் தண்ணீர் எல்லாம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் குளோரினை முறிக்க வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்தில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட், அதாவது ஹைப்போ. ஹைப்போ கல்லாகவே வாங்கி, 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்தால் 10 லிட்டருக்கு 1 மில்லி போதும். லாரித் தண்ணீரில் வாடை தூக்கலாக இருந்தால் 2 மில்லி.

ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். தாது மிகக் குறைவான தண்ணீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தப் பெரிதாக எதுவும் இருக்காது, திடீரென்று சரியும். போர் பாதி, ஆர்ஓ பாதி கலந்தால் உங்களுக்கு டிடிஎஸ் 600 பக்கம் வரும், அது போதும். ஒரே நாளில் அங்கே போகவும் கூடாது. தினம் 3 லிட்டர் கலப்புத் தண்ணீர் மாற்றினால் முதல் நாள் 1,150லிருந்து 1,010 அளவுக்கும், இரண்டாம் நாள் 910 அளவுக்கும் இறங்கும். அந்த வேகம் மீனுக்குத் தாங்கும்.

அம்மோனியா, பிஎச் இரண்டுக்கும் திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள். நீலம் வெளுத்த பிறகு பார்த்துச் சொல்லுங்கள், நீலத் தண்ணீரில் அட்டையோடு நிறம் ஒப்பிட்டால் தப்பாகத் தெரியும்.

ஃபைட்டர்பண்ணை

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா அது வால் அழுகல்தானான்னு முதல்ல பார்த்துக்கோங்க. ஹாஃப்மூன்ல மூணு விதமா வால் போகும்.

அழுகல்னா ஓரம் கருப்பாவோ சிவப்பாவோ வெள்ளையாவோ மாறி, நாளுக்கு நாள் உள்ள தள்ளி வரும், ஓரம் பிசிறா இருக்கும். பிளாஸ்டிக் செடி கிழிச்சதுன்னா நேரா ஒரு கீறல், நிறம் மாறாது. மூணாவது, மீனே தன் வாலைக் கடிக்கிறது. ராத்திரி முழுசா இருந்த வால் காலையில அரைவட்டமா ஒரு துண்டு காணாமப் போயிருக்கும், ஓரம் சுத்தமா இருக்கும். வால் கனம் தாங்காமலோ, கண்ணாடியில தன் நிழலைப் பார்த்துக் கோபப்பட்டோ, தண்ணி வேகமா ஓடினாலோ கடிக்கும். நீங்க சொல்ற அறிகுறி முதல் வகை மாதிரி இருக்கு.

இன்னொரு விஷயம், துடுப்பை ஒட்டி வெச்சுக்கிட்டுத் தரையில கிடந்தா வெல்வெட் நோயும் இருக்கலாம். ராத்திரி விளக்கை அணைச்சிட்டு, டார்ச்சைச் சாய்வா அடிச்சு மீன் முதுகைப் பாருங்க. தங்கத் தூள் இல்ல துருத் தூள் தூவின மாதிரி மினுமினுத்தா அது வெல்வெட். அதுக்கு வைத்தியமே வேற, தொட்டியை இருட்டாக்கணும், செம்பு சேர்ந்த மருந்து போடணும். உப்புக்கல் மாதிரி தனித்தனி வெள்ளைப் புள்ளின்னா அது இக்ங்கிற வெள்ளைப்புள்ளி நோய். ரெண்டும் இல்லன்னா உப்பு வைத்தியத்துக்கு வரலாம்.

அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 1 கிராம். உங்களுக்கு 12 கிராம். ஸ்பூன்ல அளக்காதீங்க, கல் உப்பு பெருசு சிறுசா இருக்கும், கிச்சன் தராசுல நிறுத்துப் போடுங்க. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணியில நல்லா கரைச்சு, மூணு பங்காக்கி, காலை, மாலை, மறுநாள் காலைன்னு ஊத்துங்க. கல்லாவே போட்டா மீன் மேல பட்டு புண்ணாகும். உப்பு ஆவியாகாது. தண்ணி வத்தினா வெறும் தண்ணி ஊத்தணும், 3 லிட்டர் மாத்தினா 3 கிராம் மட்டும் திருப்பிச் சேர்க்கணும். இதுல கணக்கு தவறித்தான் பலபேர் தொட்டியை உப்பளமாக்கிடறாங்க. பத்து நாளுக்கு மேல வேண்டாம்.

தீனியைக் குறைங்க. வேளைக்கு ஏழு பெல்லட் ரொம்ப அதிகம். ஃபைட்டரோட வயிறு அதோட கண்ணளவுதான்னு வெச்சுக்கோங்க. காலையில ரெண்டு மூணு, சாயங்காலம் ரெண்டு மூணு, வாரத்துல ஒரு நாள் பட்டினி. பெல்லட் தண்ணியில ஊறினா உப்பும், அதனால போடுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு தண்ணியில ஒரு நிமிஷம் ஊறவெச்சுப் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல தின்னாததை எடுத்துடுங்க.

நீரளவு

பண்ணைக்காரர் சொன்ன உப்பு அளவு சரியானது. இரண்டு சேர்க்கை மட்டும். உப்புப் போட்ட நாட்களில் டிடிஎஸ் மீட்டரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், லிட்டருக்கு 1 கிராம் உப்பே மீட்டரில் 1,000 அளவுக்குக் கூட்டிக் காட்டும். போரும் ஆர்ஓவும் கலக்கும் கணக்கை வாளியில் உப்பில்லாமல் அளந்து கொள்ளுங்கள்.

இரண்டாவது, வரிசை. முதலில் நான்கு நாள் தண்ணீர் மாற்றம் மட்டும், அதன் பிறகும் கருப்பு ஓரம் உள்ளே நகர்ந்தால் உப்பு. தினசரி சுத்தமான தண்ணீரிலேயே பல மீன்கள் தேறிவிடும். நலிந்த மீனின் மேல் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

ஃபைட்டர்பண்ணை

நாலு நாள் காத்திருக்கிறது வால் ஓரத்தோட நின்னிருந்தா சரி. வாலோட அடிப்பக்கம், உடம்புத் தோல் வரைக்கும் சிவப்பு வந்துட்டா அன்னைக்கே உப்பு ஆரம்பிக்கணும், கூடவே மீன் மருத்துவம் தெரிஞ்சவரைக் கேட்டு ஆன்டிபயாடிக் போகணும். கடையில கிடைக்கிற மனுஷ மாத்திரையைப் பொடிச்சுப் போடுறதை மட்டும் பண்ணாதீங்க. அளவு தெரியாம அரைகுறையா போட்டா, சாகாத பாக்டீரியா அடுத்த தடவை அந்த மருந்துக்கு அடங்காது.

மணிபிளான்ட்அக்கா

யாரும் பாதாம் இலையைப் பற்றிச் சொல்லவில்லையே! நம் தெருக்களில் நிழலுக்கு நிற்கும் நாட்டு வாதுமை மரம்தான், வேறெதுவும் இல்லை. தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் போடுவது இதே மரத்தின் இலை. பச்சை இலை கூடாது. செக்கச் சிவந்தோ பழுத்தோ தானாக உதிர்ந்து, காய்ந்து பழுப்பானதை எடுங்கள். போக்குவரத்து அதிகமுள்ள சாலையோர மரமும், பூச்சிமருந்து அடிக்கும் பூங்கா மரமும் வேண்டாம். அலசி, ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, பாதி இலையை 12 லிட்டருக்குப் போடலாம். முதல் ஓரிரு நாள் மிதக்கும், பிறகு அமிழும். தண்ணீர் பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வரும். மூன்று வாரத்தில் இலை நரம்பு தெரியக் கரைந்ததும் எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பூஞ்சையையும் சில பாக்டீரியாவையும் ஓரளவு கட்டுப்படுத்தும், வெளிச்சத்தைத் தணிப்பதால் மீனும் பதற்றமில்லாமல் இருக்கும். ஆனால் அம்மோனியாவை அது எடுக்காது. பிஎச்சைக் குறைக்கும் என்று சொல்வார்கள். ஆர்ஓ போன்ற மென்னீரில் குறைக்கும். உங்கள் போர் தண்ணீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் பைகார்பனேட் அதிகமாக இருக்கும், அதில் அரை இலை ஒன்றும் அசைக்காது. அதை எதிர்பார்த்து இலை மேல் இலையாகப் போட்டால் இலை அழுகித் தண்ணீர் கெடுவதுதான் மிச்சம்.

பிளாஸ்டிக் செடியை எடுத்துவிடுங்கள். வாலை இழுத்துப் பாருங்கள் என்று சொல்ல முடியாது, அதற்குப் பதில் ஒரு மெல்லிய நைலான் துணியைச் செடியின் மேல் உரசிப் பாருங்கள். துணியில் இழை சிக்கினால் ஹாஃப்மூன் வாலும் அங்கே கிழியும். உயிருள்ள செடியில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் வெளிச்சம் குறைவாகவே கேட்கும். ஒன்று மட்டும் கவனம்: இவற்றின் கிடைத்தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகும். ஒரு சிறு கல்லில் நூலால் கட்டி வையுங்கள், வேர் தானே பிடித்துக்கொள்ளும். அனுபியாஸின் அகலமான இலை தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரல் கீழே வரும்படி வைத்தால் மீன் அதன் மேல் படுத்து ஓய்வெடுக்கும், மூச்சுக்கு நீண்ட தூரம் ஏறி இறங்க வேண்டியிருக்காது. வால் கனத்த ஹாஃப்மூனுக்கு இது பெரிய உபகாரம்.

அதோடு ஒரு மணிபிளான்ட் கொடியின் வேர்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் விடுங்கள். இலை முழுதும் வெளியே இருக்க வேண்டும், உள்ளே மூழ்கிய இலை அழுகும். கொடி நன்றாக வளரத் தொடங்கினால் நைட்ரேட்டைத் தொடர்ந்து உறிஞ்சும். உப்பு போடும் நாட்களில் மட்டும் கொடியை எடுத்து வேறு பாட்டிலில் வைத்துவிடுங்கள்.

வேளச்சேரிவாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீலம் போய்விட்டது. கிட்டில் அம்மோனியா 1.0 பிபிஎம், பிஎச் 8.0. தெர்மாமீட்டரில் பகலில் 28, ஏசி ஓடிய பிறகு விடியற்காலையில் 24. டார்ச் அடித்துப் பார்த்தேன், தூள் எதுவும் மின்னவில்லை, புள்ளியும் இல்லை. கருப்பு ஓரம் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. வால் நுனியில் கண்ணாடி போல ஒரு மெல்லிய சவ்வு தெரிகிறது, அது பூஞ்சையா? ஃபில்டர் எது வாங்குவது? ஹீட்டர்?

நீரளவு

அந்தக் கண்ணாடிச் சவ்வு புது வால். பூஞ்சை என்றால் பஞ்சு போலப் புசுபுசுவென்று வெள்ளையாக நிற்கும். புதிதாக முளைக்கும் சதை நிறமில்லாமல்தான் வரும், பல வாரம் கழித்து நீலம் ஏறும். சில மீன்களில் முன்பிருந்த அதே நிறம் வராது. சவ்வு வந்துவிட்டதால் உப்பு தேவையில்லை, தண்ணீர் மாற்றத்தை மட்டும் விடாதீர்கள்.

அம்மோனியா 1.0, பிஎச் 8, சூடு 28 என்றால் வாயு வடிவம் சுமார் 0.06 வருகிறது. 0.05ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். அதனால் கிட் 0.25க்குக் கீழே காட்டும்வரை தினம் 4 லிட்டராக மாற்றுங்கள்.

ஃபில்டரில் உங்கள் தொட்டிக்கு ஏற்றது சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதோடு 3 வாட் அளவில் ஒரு ஏர் பம்ப். மோட்டார் வைத்த பவர் ஃபில்டர்கள் 12 லிட்டரில் நீரோட்டத்தை வேகமாக்கிவிடும், மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகும். ஏர் குழாயில் இரண்டு சின்ன பாகம் அவசியம். ஒன்று, காற்றைக் குறைக்கும் வால்வு. குமிழ் மெதுவாக வந்தால் போதும், மீன் ஓரிடத்தில் நிற்க முடியாமல் தள்ளப்பட்டால் இன்னும் குறையுங்கள். இன்னொன்று, நான் ரிட்டர்ன் வால்வு. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து, கரண்ட் போனால், தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பையும் பிளக்கையும் நனைத்துவிடும். அந்த வால்வு சில ரூபாய்தான், அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் வைத்த உடனே வேலை செய்யாது. ஸ்பாஞ்சில் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் அம்மோனியா இறங்கும், அப்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் பூஜ்யத்துக்கு வரும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி பழகிவிட்டது. அதுவரை இரண்டு நாளுக்கொருமுறை கிட்டில் பாருங்கள், அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 காட்டினால் அன்று மூன்றில் ஒரு பங்கு மாற்றம். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும். ஈரம் காயாமல் எடுத்து வாருங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை 3 லிட்டர் போதும். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். குழாய்த் தண்ணீர் அதன் மேல் படவே கூடாது.

ஹீட்டருக்கு முன் யோசிக்க வேண்டியது இடம். 28க்கும் 24க்கும் நடுவே தினமும் ஏறி இறங்குவதுதான் பிரச்சினை, 24 என்ற எண் அல்ல. தொட்டியை ஹாலுக்கு மாற்றினால் சென்னையில் ஹீட்டரே வேண்டாம். ஜன்னல் வெயில் நேரே படாத சுவர் ஓரமாக வையுங்கள். படுக்கையறையில்தான் வைக்க வேண்டும் என்றால் தெர்மோஸ்டாட் உள்ள 25 வாட் ஹீட்டர், 26ல் வைத்தால் போதும். தண்ணீர் மாற்றுவதற்கு 15 நிமிடம் முன்பே பிளக்கைப் பிடுங்க வேண்டும். சூடான கண்ணாடி காற்றில் பட்டால் வெடிக்கும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஊட்டி, கொடைக்கானலில் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டர் கட்டாயம். நமக்கு மே மாதம்தான் சோதனை. தண்ணீர் 32ஐத் தாண்டினால் ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வையுங்கள், ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம்.

ஃபைட்டர்பண்ணை

மூடி போட்டிருக்கீங்களா தம்பி? ஃபைட்டர் நல்லா எகிறும், ஒரு விரல் இடைவெளி கிடைச்சாலும் வெளிய விழுந்துடும். தண்ணி மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவுல மூணு நாலு செ.மீ. காற்று இருக்கணும், அந்தக் காற்றைத்தான் அது குடிக்குது. மின்விசிறி வைக்கும்போது கண்ணாடி மூடிக்குப் பதிலா கொசுவலையைக் கட்டிடுங்க.

தீனியில பெல்லட்டோட வாரத்துல ரெண்டு தடவை உறைய வெச்ச ரத்தப்புழுவோ ஆர்ட்டீமியாங்கிற குட்டி இறாலோ கொடுங்க. உயிரோட விக்கிற டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேத்துல வளர்றது, தேறிட்டு வர்ற மீனுக்கு வேண்டாம். கொசுப்புழு அருமையான தீனிதான், ஆனா அதுக்குன்னு வீட்டுல வாளியில தண்ணி வெக்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிடும், டெங்கு கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணியில முட்டை போடும். வயிறு உப்பிட்டா பட்டாணி கொடுங்கன்னு யாராவது சொல்வாங்க, ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன், பட்டாணி வேண்டாம். ரெண்டு மூணு நாள் பட்டினி போட்டாலே மலம் வந்து இறங்கிடும். உடம்புச் செதில் எல்லாம் வெளிய தூக்கிட்டு நின்னா மட்டும் அது உப்புசம் இல்ல, உள்ளுறுப்பு கெட்டுட்டது. அதைக் காப்பாத்துறது கஷ்டம்.

வேளச்சேரிவாசி

தொட்டியை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், மூடிக்கும் ஏற்பாடு செய்கிறேன். கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தீனி போடச் சொல்லலாமா? கடையில் வாரக்கணக்கில் கரையும் தீனிக்கட்டி ஒன்றும் இருக்கிறது.

மணிபிளான்ட்அக்கா

இரண்டும் வேண்டாம் தம்பி. தேறிய வளர்ந்த ஃபைட்டர் நான்கு நாள் சாப்பிடாமல் சுகமாக இருக்கும். பழக்கமில்லாதவர் பாவம் பார்த்து ஒரு பிடி பெல்லட் போட்டுவிட்டால் நீங்கள் வருவதற்குள் தொட்டி நாறிவிடும். தீனிக்கட்டியும் கரைந்து அதே அம்மோனியாதான். கிளம்புவதற்கு முதல் நாள் வழக்கம்போல் 3 லிட்டர் மாற்றுங்கள், வழக்கமான தீனிதான், கூடுதலாக வேண்டாம். ஃபில்டர் ஓடட்டும், விளக்கை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். திரும்பி வந்த அன்று அம்மோனியா பார்த்துவிட்டு இரண்டு பெல்லட்டில் ஆரம்பியுங்கள்.